பூட்டிய அறையிலிருந்து வந்த வைத்தியம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது மனநல ஆலோசகராக இருக்கிறாள். ஊரும் பேரும் வேண்டாம். காபி கொடுத்துவிட்டு, "வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் போகுது டீச்சர். ஆனா சில பேரு வந்தா மட்டும் எங்க ஆளுங்களே ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டிவிடப் பார்ப்பாங்க. ஃபைல்ல 'பெர்சனாலிட்டி டிஸார்டர்'னு எழுதியிருந்தா போதும், எடுக்க ஆள் இருக்காது."

"ஏன், அடிக்க வருவாங்களா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர். இந்த வாரம் நீங்கதான் எனக்குத் தெய்வம்பாங்க. அடுத்த வாரம் நான் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தேன்னு வைங்க, நீயும் மத்தவங்க மாதிரிதான்னு கத்திட்டுப் போயிடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், கையைக் கிழிச்சுக்கிட்டேன்னு. நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஆயிடும்."

அவள் போன பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. அதில் கல்வி உளவியல் ஒரு தாள். பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஆளுமைக் கோளாறு என்ற சொல் மட்டும் எங்கேயும் வந்த நினைவில்லை. அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போன சில பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகப் படித்தேன். நான் வைத்தியர் இல்லை. உங்களுக்குச் சமூக அறிவியல் நடத்தியவள். அதனால் இதையும் வரலாறாகவே சொல்கிறேன்.

முதலில் ஆளுமைக் கோளாறு என்றால் என்னவென்று என் அளவில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்து போவதுபோல் வந்து போகிற நோய் இல்லை இது. ஒருவர் தன்னைப் பார்க்கிற விதம், பிறரை நம்புகிற விதம், கோபப்படுகிற விதம் எல்லாமே இளவயதிலிருந்தே ஒரு மாதிரி இறுகிப்போய், போகிற இடமெல்லாம் உறவு முறிந்து, அவரும் வாடி, கூட இருப்பவர்களும் வாடுகிற நிலை. இதில் பல வகை உண்டு. நம் பெண் சொன்ன வகைக்கு 'பார்டர்லைன்', அதாவது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று பெயர். என்ன எல்லை, எதற்குக் கோடு என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்தும்போது பீனெல் என்ற டாக்டரின் பெயரைச் சொல்லியிருப்பேன், மனநோயாளிகளைச் சங்கிலியிலிருந்து விடுவித்த கதையோடு சேர்த்து. அவர் 1801இல் எழுதிய நூலில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையின் கதை வருகிறது. அம்மா செல்லத்தில் வளர்ந்தவன். கோபம் வந்தால் கண் தெரியாது. தன்னைத் திட்டிய ஒரு பெண்ணைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டான். ஆனால் அவனோடு உட்கார்ந்து பேசினால் தெளிவாகப் பேசுவான், சொத்துபத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்துக்கொள்வான். புத்தி கலங்கினால்தான் பைத்தியம் என்று இருந்த காலத்தில், புத்தி சரியாக இருந்தும் உணர்ச்சி மட்டும் தறிகெட்டு ஓடும் நிலை ஒன்று உண்டு என்று பீனெல் எழுதி வைத்தார்.

1835இல் இங்கிலாந்தில் பிரிச்சர்ட் என்ற டாக்டர் இதே மாதிரி ஆட்களுக்கு 'ஒழுக்கப் பைத்தியம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். அவர் நினைத்த பொருள் உணர்ச்சி, சுபாவம் பற்றியது என்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் வேறு வேலை செய்தது. நோயோடு குணக்கேடு என்ற வாடையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. 1923இல் ஜெர்மனியின் கூர்ட் ஷ்னைடர் வந்து, தன் குணத்தால் தானே துன்பப்படுபவர்கள், சமூகத்தைத் துன்பப்படுத்துபவர்கள் என்று சொல்லிப் பத்து வகையாகப் பிரித்தார். இன்றைய வகைப்பாடுகளுக்கு அவருடையது ஒரு மூல வேர்.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். 1938இல் நியூயார்க்கில் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் ஃபிராய்டு வழி வந்தவர்கள் நோயாளிகளை இரண்டு பெட்டியில் போடுவார்கள். பதற்றம், பயம், மனச்சோர்வு உள்ளவர்கள் ஒரு பெட்டி. நிஜ உலகத்தோடு தொடர்பே அறுந்தவர்கள் மறு பெட்டி. முதல் பெட்டிக்காரர்களைச் சோபாவில் படுக்கவைத்துப் பேசவிட்டால் குணமாகும், இரண்டாவதுக்கு அது உதவாது என்பது நம்பிக்கை. ஸ்டெர்னிடம் வந்த சிலர் இந்த இரண்டிலும் அடங்கவில்லை. பார்த்தால் முதல் பெட்டி மாதிரி இருக்கிறது, வைத்தியம் செய்தால் முன்பைவிட மோசமாகிறார்கள். சின்னச் சொல் பட்டாலும் மனசில் ரத்தம் கசிகிறவர்கள் என்று அவர்களை வர்ணித்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவே நிற்பதால் 'எல்லைக்கோட்டுக் குழு' என்றார். பெயர் வந்த கதை இவ்வளவுதான். நோயாளியிடம் கோடு எதுவும் இல்லை. டாக்டர்களின் பெட்டிகளுக்கு நடுவே இருந்த கோடு அது.

எனக்கு இங்கே ஒரு விஷயம் உறுத்தியது. வைத்தியம் பொருந்தவில்லை என்றால் வைத்தியத்தை மாற்ற வேண்டும். அதைச் செய்ய முயன்றவர்கள் ஓரிருவர் இருந்தார்கள். ஆனால் பொதுவாக மருத்துவமனைகளில் என்ன நடந்தது என்றால், 'இவர்கள் தேறாத கேஸ்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் மூன்றாம் பதிப்பில் இந்த நோய்க்கு அதிகாரபூர்வமான இடம் கிடைத்தது. பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. பெயர் கிடைத்ததால் ஒதுக்குவது இன்னும் சுலபமானது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனநல மருத்துவர்கள் பலருக்கு ஒரு நோயாளியின் கதையை எழுதி அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய அதே கதை. சிலருக்கு அனுப்பியதில் மட்டும், இவருக்கு முன்பு ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டது என ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரியைப் படித்தவர்கள், இந்த ஆள் கவனத்தை இழுக்கப் பார்க்கிறார், எரிச்சலூட்டுவார், சாகப்போகிறேன் என்பதெல்லாம் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதுதான் என்ற பக்கமே சாய்ந்தார்கள். அந்தக் கட்டுரைக்கு வைத்த தலைப்பே, மனநல மருத்துவர்களுக்குப் பிடிக்காத நோயாளிகள் என்பதுதான்.

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது புரியும். ஒரே விடை. மேலே நல்ல பிள்ளையின் பெயர் இருந்தால் ஏழு மார்க், வாலுப்பயல் பெயர் இருந்தால் நாலு. நான் செய்திருக்கிறேன். நீங்கள் சிரிக்க வேண்டாம், உங்களில் சிலருக்கே செய்திருப்பேன்.

இந்த இடத்தில்தான் மார்ஷா லினஹன் வருகிறார். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலம் டல்சாவில் 1943இல் பிறந்தவர். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றாவது. அப்பா எண்ணெய்த் தொழிலில் இருந்தவர். வசதியான கத்தோலிக்கக் குடும்பம். பள்ளியில் நன்றாகப் படித்த பெண். பதினேழு வயதில், 1961 மார்ச்சில், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டில் உள்ள 'இன்ஸ்டிடியூட் ஆஃப் லிவிங்' என்ற மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டே இருந்தார். அதனால் தனியறையில் பூட்டி வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட சின்ன ஜன்னல். காயப்படுத்திக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபோது சுவரிலும் தரையிலும் தலையை மோதிக்கொள்வாராம். ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள். மாத்திரைகள் கொடுத்தார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு மாதம் கழித்து, 1963 மே மாதம் வெளியே வந்தார். அந்த மருத்துவமனையில் மிகவும் பாதிக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் என்று குறிப்பு எழுதித்தான் அனுப்பினார்கள்.

உள்ளே இருந்தபோதே அவர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டாராம். இந்த நரகத்திலிருந்து வெளியே போவேன், போன பிறகு திரும்பி வந்து மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன் என்று.

பிறகு சிகாகோவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. லயோலா பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்பு. அங்கேயே 1971இல் உளவியலில் முனைவர் பட்டம் வரை போய்விட்டார். கடைசியில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். (வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் படித்தவர்கள் என் பட்டியலிலும் இருக்கிறீர்கள். இந்த வரி உங்களுக்கு.)

சாக வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயன்ற பெண்களைத்தான் அவர் தேடிப் பிடித்துச் சிகிச்சைக்கு எடுத்தார். மற்றவர்கள் தள்ளிவிட்ட கேஸ்கள். முதலில் அவர் கையில் இருந்தது நடத்தைச் சிகிச்சை. என்ன பிரச்சினை, எதனால் வருகிறது, எதை மாற்றலாம் என்று படிப்படியாகப் போவது. வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். 'அப்படியென்றால் எல்லாம் என் தப்பு என்கிறீர்களா' என்று எழுந்து போனார்கள். சரி, இது வேண்டாம் என்று, முழுக்க முழுக்க ஆறுதலாக, நீ இருப்பதுபோலவே உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்ற வழிக்குப் போனார். அதற்கும் கோபம். 'நான் உள்ளே வெந்து சாகிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களே' என்றார்கள். யோசித்துப் பாருங்கள், இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

அவர் கண்டுபிடித்தது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது. 'உனக்கு வலிப்பது உண்மை, உன் கதையைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் வலிக்கும்' என்பது ஒன்று. 'இப்படியே நீ இருந்தால் செத்துப்போவாய், மாறியே ஆக வேண்டும்' என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று முரணானவற்றைச் சேர்த்துப் பிடிப்பதால் 'டயலெக்டிகல்' என்று பெயர் வைத்தார். தமிழில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். இயங்கியல் என்றதும் எங்கள் ஆசிரியர் சங்கத் தோழர்களுக்கு மார்க்சிய வகுப்பு ஞாபகம் வரும். அதே சொல்தான். சுருக்கமாக டி.பி.டி.

ஏற்றுக்கொள்வது எப்படி என்று கற்க, அவர் வில்லிகிஸ் யேகர் என்ற ஜெர்மன் துறவியிடம் போனார். அவர் கிறிஸ்தவத் துறவி, ஜென் குருவும்கூட. அங்கே கற்றதிலிருந்து சாமியை எடுத்துவிட்டு, இந்த நிமிடத்தைக் கவனிக்கும் பயிற்சியை மட்டும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். (ஜென் என்றவுடன் போதிதர்மர் எங்க காஞ்சிபுரம் என்று கமென்டில் வரிசை கட்டாதீர்கள். அது வேறு பதிவு.)

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். டி.பி.டி.யில் வாரம் ஒருமுறை ஆலோசகரோடு தனியாகப் பேச்சு. இது போக, வாரம் ஒருமுறை வகுப்பு! ஆமாம், வகுப்பேதான். பத்துப் பேர்போல உட்கார்ந்து, தாள் வைத்து, வீட்டுப்பாடம் கொடுத்து, அடுத்த வாரம் அதைச் சரிபார்த்து நடத்துகிறார்கள். பாடம் நான்கு. இந்த நிமிடத்தைக் கவனிப்பது, பெரிய வேதனை வரும்போது நிலைமையை இன்னும் கெடுக்காமல் தாக்குப்பிடிப்பது, உணர்ச்சியை அடையாளம் கண்டு தணிப்பது, உறவு முறியாமல் தனக்கு வேண்டியதைக் கேட்பது. இவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, இந்தத் திறமைகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது லினஹனின் கணக்கு. பிறவியிலேயே உணர்ச்சி வேகம் அதிகம், வளர்ந்த வீட்டிலோ 'இதுக்கெல்லாமா அழுவே' என்று அடக்கினார்கள். இரண்டும் சேர்ந்தால் தோல் போன தீக்காயக்காரர் மாதிரி, காற்று பட்டாலும் எரிகிறது என்கிறார்.

பாடங்கள் எல்லாம் பெரிய தத்துவமும் இல்லை. தாங்க முடியாத வேகம் வரும்போது ஐஸ் தண்ணீரில் முகத்தை வைத்து எடுப்பது ஒரு பாடம். அது நெஞ்சுத் துடிப்பைச் சட்டென்று குறைக்கும், அந்த இரண்டு நிமிடம் தாண்டினால் யோசிக்க இடம் கிடைக்கும். (இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.) தினமும் ஓர் அட்டையில் அன்றைக்கு என்ன உணர்ச்சி, எவ்வளவு வேகம், என்ன செய்தேன் என்று குறிக்க வேண்டும்.

நம் பெண் சொன்ன ராத்திரி இரண்டு மணி போனுக்கும் லினஹன் வழி வைத்திருந்தார். போன் செய்யலாம், ஆனால் காயப்படுத்திக்கொள்வதற்கு முன்னால் செய்ய வேண்டும். கற்ற பாடத்தில் இப்போது எதைச் செய்வது என்று கேட்கத்தான் அந்த போன். காயப்படுத்திக்கொண்ட பிறகு என்றால், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, 24 மணி நேரத்துக்கு ஆலோசகரோடு அந்தக் கூடுதல் பேச்சு கிடையாது. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. ஆனால் காயம் பட்டால்தான் அன்பு கிடைக்கும் என்ற பழக்கம் அங்கேதான் உடைகிறது. ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டுவதற்கும் ஒரு பதில் உண்டு. ஆலோசகர்கள் வாரா வாரம் தங்களுக்குள் கூடி, 'எனக்கு இவர்மேல் எரிச்சல் வருகிறது, என்ன செய்ய' என்று வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்தக் கூட்டமும் சிகிச்சையில் ஒரு பகுதி. அது இல்லாமல் டி.பி.டி. இல்லை. ஆசிரியர் அறையில் நாங்களும் கூடிப் பேசினோம். என்ன பேசினோம் என்பதுதான் வேறு.

1991இல் முதல் பெரிய ஆய்வு முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஓராண்டு டி.பி.டி. பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, மருத்துவமனையில் கிடந்த நாட்கள் குறைந்தன. பாதியில் விட்டுப் போனவர்கள் ஆறில் ஒருவர்தான். ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள்! லண்டனில் பேட்மன், ஃபோனகி என்ற இருவர் வேறொரு வழியில் போனார்கள். எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது, என் மனதில் என்ன ஓடுகிறது என்று நிதானித்துப் பார்க்கப் பழக்குவது. 1999இல் அவர்களுடைய முடிவும் நல்லதாகவே வந்தது. 2003இல் இங்கிலாந்து அரசுத் தரப்பிலிருந்தே, ஆளுமைக் கோளாறு என்று காரணம் சொல்லி இனி யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஆவணம் வந்தது.

தேறாத கேஸ் என்ற பேச்சை முடித்து வைத்தது மேரி ஜனரினி என்பவரின் ஆய்வு என்பேன். பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் சேர்ந்த 290 எல்லைக்கோட்டு நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தார். பத்து ஆண்டில் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டாவது அறிகுறிகள் அடங்கியிருந்தன. வேலை, உறவு என்று முழுமையாக மீண்டவர்கள் பாதிப் பேர். அந்தப் பாதியையும் மறக்கக்கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லா வகை ஆளுமைக் கோளாறுக்கும் இவ்வளவு நல்ல செய்தி இன்னும் இல்லை. பிறரை ஏமாற்றித் துன்புறுத்தும் வகையில் கைகொடுக்கும் சிகிச்சை குறைவு.

லினஹனின் சொந்தக் கதை வெளியே தெரிந்தது 2011 ஜூனில். அதுவரை ஊருக்கு அவர் ஒரு பேராசிரியர். கையில் இருந்த தழும்புகளைப் பார்த்து, நீங்களும் எங்களில் ஒருவரா என்று சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் கேட்டாராம். ஆமாம் என்றால் எங்களுக்கெல்லாம் எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்றாராம். தன் 68ஆவது வயதில், தன்னைப் பூட்டி வைத்த அதே ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைக்குப் போய், டாக்டர்களும் உறவினர்களும் நிறைந்த கூட்டத்தில் நின்று, நான் இங்கே நோயாளியாக இருந்தவள் என்று சொன்னார்.

இப்போது தூக்கம் வராத காரணத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒரு வாரம் என் மேசையில் தினமும் பூ வைப்பாள். அடுத்த வாரம் நான் வேறொரு பிள்ளையின் நோட்டைப் பாராட்டினேன் என்று மூன்று நாள் பேசமாட்டாள். ஒருநாள் முழங்கையில் கோடு கோடாகக் காயம் பார்த்தேன். கேட்டதற்கு முள் என்றாள். முள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் சொன்னேன். "எல்லாம் நடிப்பு, கண்டுக்காதீங்க. கண்டுக்கிட்டா இன்னும் ஏறும்" என்றார்கள். நானும் அதையே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவளே என்னிடம் தனியாகப் பேச வந்த அன்று, "இந்த நாடகமெல்லாம் என்கிட்ட வேண்டாம்" என்றேன். இந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். தலைமையாசிரியரிடம் சொல்லி அவளை வேறு பிரிவுக்கும் மாற்ற வைத்தேன். அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை. ஊர் மாறிப் போய்விட்டார்கள் என்றார்கள்.

அவளுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைக்கக்கூடாது என்பதும் படித்ததில் தெரிந்துகொண்டதுதான். வைப்பதற்கு நான் யார்? நான் வைத்த 'நாடகம்' என்ற பெயரே போதும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 14416க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

அந்த பேட்ச் பிள்ளைகளே, ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் யாரென்று உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து கமென்டில் அவள் பெயரைப் போடாதீர்கள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால், டீச்சர் கேட்டார்கள் என்று அவளிடம் மட்டும் சொல்லுங்கள். பேச விருப்பம் இருந்தால் அவளே கூப்பிடட்டும். என் நம்பர் பழைய நம்பர்தான், மாற்றவில்லை.